கை தூக்கியிருந்தால் பேசக்கூடாது

அந்த அட்டைப்பெட்டிப் பட்டறையில் சட்டம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பட்டறைக்காரர் எண்ணிக்கொண்டிருக்கும்போது இடது கையைத் தூக்கினால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பெட்டி வாங்க வந்த செருப்புக் கடைக்காரர் ஆனாலும் சரி, மின்சாரக் கணக்கு எடுக்க வந்தவர் ஆனாலும் சரி, கட்டிய மனைவி ஆனாலும் சரி. மீறி யாராவது பேசி எண்ணிக்கை கலைந்துவிட்டால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார். அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, நாலு பக்கமும் தட்டி நேராக்கி, பேசியவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி "ஒண்ணு" என்று ஆரம்பிப்பார்.

எண்ணுவதற்கென்றே சுவரோரமாக ஒரு உயரமான மேசை, அதற்கேற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல். வலது கைக் கட்டைவிரலால் அட்டை நுனிகளை ஒவ்வொன்றாக விலக்குவார். இருபத்தைந்து ஆனதும் ஓர் அட்டையைக் குறுக்கே திருப்பி வைப்பார். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. எண்ணி முடித்துப் பென்சிலால் சீட்டில் குறித்த பிறகுதான் வெட்டுகிற மெஷினைப் போடுவார். அது ஓட ஆரம்பித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவிக்குத் தெருவில் பெயர் ரேடியோ. பெயர் வைத்தவரும் அவர்தான், அதுவும் கல்யாணமான முதல் வாரத்திலேயே. அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. இருபத்தாறு வருஷமாக அந்தத் தெருவில் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, யாருடைய மருமகன் வேலையை விட்டான், எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் வெளியே போகும். பசை போடுகிற கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். இரண்டில் எது முதலில் களைக்கும் என்று பந்தயம் கட்டலாம், வாய் களைக்காது.

வம்பு ஒரு நாள் சாயங்காலம் வந்தது. செருப்புக் கடைக்கு ஐநூறு பெட்டி போக வேண்டும், போய்ச் சேர்ந்தது நானூற்றுத் தொண்ணூறு. கடைக்காரர் நாலு பேர் முன்னால் நீட்டி முழக்கிவிட்டார். அந்த அட்டைக் கட்டை எண்ணும்போது பாதியில் இவள் போய்த் தண்ணீர்த் தொட்டிக் கதையைச் சொன்னது உண்மை. அவசர வேலை என்பதால் அவரும் அன்றைக்கு மட்டும் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடிவில் பத்து குறைந்தது. அட்டை மில்லிலிருந்து வந்த சீட்டில் ஐநூறு என்றுதானே இருக்கிறது, இவள் பேசியதில் நாம்தான் பத்தை விட்டிருப்போம் என்று அப்படியே வெட்டிவிட்டார்.

கடையிலிருந்து திரும்பி வந்தவர் பசை மேசை முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய தங்கை, இவளுடைய நாத்தனார், உட்கார்ந்து பெட்டி மூலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வாய்க்கு ஒரு நாள் லீவு விடேன்," என்றார். "ஒரே ஒரு நாள். என் மானம் போகாம இருக்கும்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்திவிட்டு ராத்திரி சாப்பாட்டோடு மறந்திருப்பாள். நாத்தனார் முன்னால் அமைதியாகச் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

"ஒரு நாள் எதுக்கு?" என்றாள் ரேடியோ. "இனிமே நீங்களா வாயைத் திறந்து என்னைக் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பட்டறைக்குள்ள ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளுங்க."

சொன்னபடியே இருந்தாள். வைராக்கியத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் அவர் எழுந்து சட்டை மாட்டுகிற சத்தம் கேட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். தூங்குகிற மாதிரி மூச்சை இழுத்து விட்டாள். அவர் போய்விட்டார். அப்போது மணி ஆறரை இருக்கும். வீட்டுக்குப் பின்கதவு, அதைத் தாண்டி ஒரு சிமெண்டு முற்றம், முற்றத்தைத் தாண்டினால் பட்டறையின் முன்வாசல். இருபது அடி தூரம். உள்ளே தடுப்புக்கு அந்தப் பக்கம், பசை மேசையோரம், பின்வாசல் ஒன்றும் உண்டு.

தினமும் எட்டரைக்குப் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அந்தச் சத்தம் கேட்கும்போது அவள் டீ எடுத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தாள். வானம் மூடிக்கொண்டு தூறல் விழுந்தது. டம்ளர் மேல் ஒரு தட்டை மூடி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மேசையில் சாய்ந்த மாதிரி இருந்தார். அவருடைய இடது பக்கம்தான் வாசலுக்குத் தெரியும், வலது பக்கம் சுவர். முன்னால் புது அட்டைக் கட்டு பிரிந்து கிடந்தது. அவள் டம்ளரை மேசையில் டக்கென்று வைத்தாள். சண்டையில் இருக்கிறேன் என்று சொல்ல அந்த ஒரு டக் போதும். அவர் தலையைக் கொஞ்சம் திருப்பினார். இடது கையைத் தூக்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் கையைத் தூக்கி அடக்குகிறாரா? பேசாதவளைப் பார்த்துக்கூடப் பேசாதே என்கிறாரா? முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பசை மேசைக்குப் போய்விட்டாள்.

இந்த இடத்தை அவள் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை. வலது கை அட்டை மேல்தான் இருந்தது. அது எண்ணிக்கொண்டிருந்ததா, சும்மா கிடந்ததா? ஒரு எட்டு எடுத்து வைத்துக் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

ஒன்பது மணிக்கு, இவள் மூலையில் குனிந்து பசை வாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் வந்து நின்றாள். வாளியில் பசையைக் கலக்கினாள். இரண்டு பேரும் பிரஷ்ஷை நனைத்து ஓரங்களில் தடவி, நாலு மூலையும் மடித்து, பெட்டிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி மேலே கல்லை வைத்தார்கள். தூறல் நாளில் பசை சீக்கிரம் காயாது, கல்லை ரொம்ப நேரம் வைக்க வேண்டும். நாத்தனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன அண்ணி, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டாள். அண்ணி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரேடியோவுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஒரு மணி நேரமாகப் பேசாமல் இருக்கிறோமே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. மெஷின் சத்தம் கேட்கவில்லை. வழக்கமாக ஒரு கட்டை எண்ண அவருக்குக் கால்மணி நேரம் போதும். இவளுக்குப் புரிந்த காரணம் வேறு. நேற்றைய பத்துப் பெட்டிக்காக இன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு தடவை, மூன்று தடவை எண்ணுகிறார், எனக்கு உறைக்கட்டும் என்று எண்ணுகிறார். எண்ணட்டும், விரல் தேய எண்ணட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பத்து இருபதுக்கு ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அட்டைகள் தரையெல்லாம் சறுக்கிக் கிடந்தன, நடுவில் அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் வலது பக்கம் தொங்கி எச்சில் வழிந்தது. வலது கையும் காலும் துணி மாதிரி துவண்டு கிடந்தன. மேசை மேல் டீ தொடாமல் இருந்தது, மூடின தட்டுகூட எடுக்கப்படவில்லை. அவள் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார்தான் தெருவில் இறங்கிக் கத்தி ஆட்டோவைப் பிடித்தாள்.

ஆட்டோவில் அவர் தலை ரேடியோவின் மடியில் இருந்தது. நாத்தனார் அழுதுகொண்டே வந்தாள். பின்பக்க வழியாக வந்துவிட்டேனே, முன்பக்கம் வந்திருந்தால் அண்ணனைப் பார்த்திருப்பேனே, பார்த்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் ரேடியோ அவர் வாயோரத்தை முந்தானையால் துடைத்தாள். எட்டரைக்கு முன்பக்கம் வழியாகப் போனவள் இவள்தானே.

பதினொன்றேகாலுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் கான்வாஸ் ஷூ, நடையே ஓட்டம்தான். பக்கவாதம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி நோயாளியின் பெயர்கூட இல்லை.

"இவர் நல்லா இருந்ததைக் கடைசியா எப்ப பாத்தீங்க? சரியான நேரம் வேணும்."

நாத்தனார் பக்கத்தில் நின்றாள். அவள் கண் அண்ணியின் முகத்தில் இருந்தது. ரேடியோ ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எட்டரைக்குப் பார்த்தேன், கையைத் தூக்கினார், கோபத்தில் திரும்பிப் போய்விட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதுவும் இவள் முன்னால்?

"பத்து இருபதுக்கு விழுந்தாரு," என்றாள். "அதுவரைக்கும் நல்லாத்தான் வேலை பாத்துக்கிட்டு இருந்தாரு. எண்ணிக்கிட்டு இருந்தாரு."

டாக்டரம்மா கையில் பேனாவால் நேரத்தை எழுதிக்கொண்டார். பத்து இருபது. ஸ்ட்ரெச்சர் ஸ்கேன் அறைக்குள் போனது.

வெளியே ஒரு நீல நிற பெஞ்சு. எதிரே சுவரில் கடிகாரம். ரேடியோ உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சொன்னது பொய் இல்லை, விழுந்தது பத்து இருபதுக்குத்தான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்து நிமிஷம் முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பத்து நிமிஷம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

பதினொன்று நாற்பதுக்கு டாக்டரம்மா ஒரு காகிதத்தோடு வந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை, ரத்தம் கட்டி ஒரு குழாயை அடைத்திருக்கிறது என்றார். அந்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. கொஞ்சத்தை முதலில் ஊசியாகப் போட்டு, மீதியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, போடலாம். நிமிஷத்துக்கு நிமிஷம் மூளை செத்துக்கொண்டிருக்கிறது, கையெழுத்துப் போட்டால் உடனே ஆரம்பிக்கலாம் என்றார்.

ரேடியோ பேனாவை வாங்கினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் டாக்டரம்மா. "இது ரத்தத்தை இளக்குற மருந்து. நூறு பேர்ல ஆறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். நோவு ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா அந்த ஆபத்தை விட நன்மை அதிகம். அதைத் தாண்டிப் போட்டா கசிவுக்குத்தான் வாய்ப்பு அதிகமாகும், ஆளே போயிடலாம். உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணரை மணி நேரம்கூட ஆகலை. நல்ல வேளை, சீக்கிரம் கொண்டு வந்தீங்க."

நல்ல வேளை என்ற சொல்லைக் கேட்டதும் பேனா முனை காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து அங்கேயே நின்றது. எட்டரைக்கு அவர் கை தூக்கியபோதே நோவு வந்துவிட்டதென்றால்? ஆறரைக்கு வந்திருந்தால்? ஆறரை என்றால் ஐந்து மணி நேரம் தாண்டிவிட்டது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காது. சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் என் கையாலேயே அவரைக் கொன்றதாகிவிடும். ஆயுசு முழுக்க வளவளவென்று பேசியவளுக்கு அந்த நேரத்தில் பேச வேண்டியிருந்தது நாலே வார்த்தை. பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"நான் சொன்ன நேரம் தப்பு டாக்டர்."

டாக்டரம்மா காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். நாத்தனாரும் நிமிர்ந்தாள்.

"எட்டரைக்கு டீ கொண்டு போனேன். இடது கையைத் தூக்கினாரு. எண்ணும்போது அப்படித்தான் தூக்குவாரு, யாரும் பேசக்கூடாதுன்னு. உதடு அசைஞ்சுது, எண்ணும்போதும் அப்படித்தான் அசையும். நான் எண்றாருன்னு நெனச்சேன். எங்களுக்குள்ள சண்டை. நான் ஒரு வார்த்தை பேசலை. கிட்டப் போயும் பாக்கலை. ரெண்டு மணி நேரம் அவரை அப்படியே விட்டுட்டேன் டாக்டர். பக்கத்துலயே உக்காந்து பசை தடவிக்கிட்டு இருந்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்று நாற்பத்தைந்து. வீட்டுக்காரர் பேசிக் கேட்டது கடைசியாக எப்போது என்று கேட்டார். நேற்று சாயங்காலம் என்றாள் இவள். அதைச் சொல்லும்போது கூனிக் குறுகிப்போனாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, நேற்று சாயங்காலம்.

"அப்ப காலைல எட்டரைக்கு முன்னாடி வேற யாராவது அவர்கூடப் பேசினாங்களா? நல்லாப் பேசினார், நல்லா நடந்தார்னு யாராவது சொல்லணும். இல்லைன்னா இந்த மருந்தை என்னால போட முடியாதும்மா. யோசிங்க. சீக்கிரம்."

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டாள். மேசை, ஸ்டூல், டம்ளர், அந்தக் கை. கைக்குக் கீழே பிரிந்து கிடந்த அட்டைக் கட்டு. புதுக் கட்டு. நேற்று ராத்திரி பட்டறையைப் பூட்டும்போது அந்த மேசை காலியாக இருந்தது.

"மில்லு வண்டி வந்திருக்கு," என்றாள். "டிரைவர் பாத்திருப்பான்."

அந்த டிரைவரின் நம்பர் பட்டறைக்காரரிடம் இருந்ததில்லை. அவரும் அவனும் எண்ணிக்கையைத் தவிர வேறு பேச மாட்டார்கள். ரேடியோவிடம் இருந்தது. அவன் மனைவிக்கு முழங்கால் வலி வந்தபோது எந்தத் தைலம் நல்லது என்று அரைமணி நேரம் பேசி, நம்பரும் வாங்கி வைத்திருந்தாள். அதற்கும் அன்றைக்கு அவரிடம் ஒரு வசவு வாங்கினாள்.

முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. டாக்டரம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை எடுத்தவன், வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்க்கா, ஓரமா நிறுத்திட்டேன், சொல்லுங்க என்றான். அவள் ஒரு மூச்சில் சொல்லி முடித்து, போனை டாக்டரம்மாவும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அண்ணனா? நல்லாத்தானே இருந்தாரு," என்றான் டிரைவர். குரல் உடைந்துவிட்டது. "எங்கூடச் சேந்து கட்டைத் தூக்கி உள்ள வெச்சாரு. கையெழுத்துப் போட்டாரு. ரசீதுல நேரம் எழுதணும்னு கம்பெனியில கட்டாயம். இருங்க, பாக்கிறேன். எட்டு அஞ்சு. ஆமா, எட்டு அஞ்சு."

அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. இரண்டு நிமிஷத்தில் வந்தது. எட்டு அஞ்சு என்று டிரைவரின் கோணல் எழுத்து, அதற்குக் கீழே பட்டறைக்காரரின் கையெழுத்து, கடைசி எழுத்தில் வழக்கமாகப் போடுகிற சுழியோடு. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். எட்டு அஞ்சு, பன்னிரண்டு முப்பத்தஞ்சு என்று வாய்க்குள் கணக்குப் போட்டார். சுவரில் மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

"போடலாம். ஆனா நேரம் குறுகிப்போச்சு. முதல்ல சொன்ன அளவுக்கு நன்மை இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆபத்தும் அதே ஆபத்துதான். சம்மதமா?"

ரேடியோ கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு பத்துக்கு மருந்து ஏற ஆரம்பித்ததாக நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

போன் அடித்தது, மறுபடி டிரைவர்.

"அக்கா, இன்னொண்ணு. நேத்து வந்த கட்டுல பத்து அட்டை குறைவுன்னு இன்னிக்குக் காலைலதான் மில்லுல சொன்னாங்க. எண்ணுற மெஷின் கோளாறாம். அதைச் சொல்லி, மிச்சம் பத்தையும் குடுத்தேன். அண்ணன் அப்படியே தலையில கை வெச்சுக்கிட்டாரு. 'அடப்பாவி, அவளைத் திட்டிட்டேனே, டீ கொண்டு வந்ததும் முதல்ல இதைச் சொல்லிடணும்'னாரு. சொன்னாராக்கா?"

ரேடியோ போனை வைத்துவிட்டு நீல பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. டீ கொண்டு வந்ததும் முதலில் சொல்ல வேண்டியதைத்தான் அந்த உதடு சொல்லிக்கொண்டிருந்ததா? இல்லை, என்னைப் பிடி, நான் விழப்போகிறேன் என்று சொன்னதா? எதைச் சொல்லியிருந்தாலும் கேட்க வேண்டியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் பாவி, நான் பாவி என்று மனசு அடித்துக்கொண்டது. பேசாமல் இருந்ததற்குப் பெருமை வேறு பட்டாளே, அதை நினைத்தபோது தன் முகத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதிரே நின்றிருந்தாள். இவள் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தாள். அண்ணனைக் கொன்னுட்டியே என்று அவள் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். நாத்தனார் பெஞ்சின் இன்னொரு முனையில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் பின்பக்கமா வரலை அண்ணி," என்றாள். "முன்பக்கமாத்தான் வந்தேன். கையைத் தூக்கினாரு. நானும் எண்றாருன்னு நெனச்சு, செருப்புச் சத்தம்கூடக் கேக்காம நடந்து வந்துட்டேன்."

இரண்டு பேரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கை இன்னொருத்தி கைமேல் எப்போது போனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கசிவு வரவில்லை. மறுநாள் எடுத்த ஸ்கேனில் அதைச் சொன்னார்கள். முழுசாகச் சரியாகிவிட்டது என்றும் சொல்லவில்லை. கால் கொஞ்சம் அசைந்தது, முகத்தின் கோணல் பாதி நிமிர்ந்தது. வலது கை விரல்கள் மட்டும் அசைய மறுத்தன. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் பாதிக்கு மேல் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை என்றார் டாக்டரம்மா. இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று அவள் இழுத்தாள். இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் அவளுக்கு ஒரு விதத்தில் பிடித்திருந்தது. அதெல்லாம் இல்லைம்மா, கவலைப்படாதீங்க என்று ஆறுதல் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது.

வார்டில் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். அவர் வாயைத் துடைத்தாள், தலையணையை நிமிர்த்தினாள், கரண்டியால் கூழ் மாதிரி கரைத்த ரொட்டியை ஊட்டினாள், எல்லாம் ஊமை நாடகம்தான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி இவளும் வாய் பேசாதவள் போல என்று நினைத்துக்கொண்டு சைகையில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். எந்த வாயால் இவரிடம் பேசுவது என்றுதான் ரேடியோவுக்குத் தோன்றியது.

நான்காம் நாள் காலையில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தாள். சின்னப் பெண், சிரித்த முகம். தண்ணீர் என்று சொல்லச் சொன்னாள், அவருக்கு வரவில்லை. பெயரைச் சொல்லச் சொன்னாள், வரவில்லை. அவர் கண்ணில் நீர் முட்டியது. பரவாயில்லை, வேற ஒண்ணு பாக்கலாம் என்று சொல்லிவிட்டு, அவருக்கு என்ன வேலை என்று கேட்டாள். நாத்தனார் சொன்னாள், அட்டைப்பெட்டிப் பட்டறை, தினமும் ஆயிரக்கணக்கில் எண்ணுவார் என்று.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பேச்சு போனவர்களுக்குக்கூடப் பழகிப்போன வரிசை சில சமயம் தானாக வரும், எண்கள் அதில் ஒன்று, கூடவே யாராவது சொன்னால் இன்னும் சுலபம் என்றாள். அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒண்ணு என்று ஆரம்பித்துக் கொடுத்தாள்.

அவர் உதடு அசைந்தது. இடது கை மெல்ல மேலே எழும்பியது.

நாத்தனார் சட்டென்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். இருபது வருஷப் பழக்கம். ரேடியோவும் கட்டில் காலோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒண்ணு," என்றார் அவர். கரகரத்த குரல், ஆனால் அவர் குரல். "ரெண்டு. மூணு."

"சும்மா நிக்காதீங்கம்மா," என்றாள் அந்தப் பெண், ரேடியோவைப் பார்த்து. "நீங்கதான் கூடச் சொல்லணும். உங்க குரல்தானே அவருக்குப் பழக்கம்."

அவள் கட்டிலைச் சுற்றி அவருடைய வலது பக்கம் போனாள். அன்றைக்குப் போகாத பக்கம். போர்வை மேல் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தாள், எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவர் நாலு சொன்னார், அஞ்சு சொன்னார், ஆறு சொன்னார். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை. ஏழு என்றதும் அவளால் அடக்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக ஞாபகமறதியில் செய்த குற்றத்தை முதன்முதலாகத் தெரிந்தே செய்தாள்.

"அன்னிக்கு நீங்க கையைத் தூக்கினதை நான் பாத்தேங்க," என்றாள். "எண்றீங்கன்னு நெனச்சேன். கோபத்துல கிட்ட வந்து பாக்காமப் போயிட்டேன். என்னைக் கூப்பிட்டீங்களா? என்ன சொல்ல வந்தீங்க?"

எண்ணிக்கை நின்றுபோனது. பயிற்சிப் பெண் என்னவென்று புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பி மனைவியை ஏற இறங்கப் பார்த்தார். எண்ணும்போது பேசுகிறவர்களைப் பார்க்கிற அதே பார்வை. வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல முயன்றார், ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. வியர்த்துவிட்டது அவருக்கு. கடைசியில் இடது கையால் போர்வை ஓரத்தை இழுத்து, அட்டைக் கட்டைத் தட்டுகிற மாதிரி மெல்லத் தட்டி நேராக்கினார்.

"ஒண்ணு," என்றார், முதலிலிருந்து.

அவளும் கூடச் சொன்னாள்.